இரண்டு நிமிடம் பதினான்காவது நொடி

பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு நாற்பதுக்கு அந்தத் தவறைச் செய்தேன். நேரம் துல்லியமாகத் தெரியும். நான் அனுப்பிய மின்னஞ்சலிலேயே இருக்கிறது.

பகலில் பல் மருத்துவமனை ஒன்றின் முன்மேசையில் எனக்கு வேலை. மாலையில் கல்லூரியில் இசையமைப்பு வகுப்பு. இந்தப் பருவத்தில் எங்கள் ஏழு பேரையும் ஏழு நடன அமைப்பாளர்களோடு சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார்கள். எட்டு வாரத்தில் ஒரு புது நடனம் செய்ய வேண்டும். ஜோடியை மாற்றக் கூடாது. மேடையில் இசையை ஆள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், ஒலிப்பதிவு போடக் கூடாது. ஆறாம் வாரம் முடிந்தபின் இசையில் ஒரு சுரத்தையும் தொடக் கூடாது. இவை கல்லூரியின் விதிகள். எனக்கென்று தனியாக ஒரு நெருக்கடியும் இருந்தது. முழுநேரப் படிப்புக்கு விண்ணப்பிக்க, மேடையேறிய படைப்பு ஒன்றின் பதிவை அனுப்ப வேண்டும். வாழ்நாளில் இரண்டு முறைதான் விண்ணப்பிக்கலாம். போன ஆண்டு ஒரு முறை தோற்றுவிட்டேன்.

எனக்கு வந்த சீட்டில் இருந்த பெயர் சோலாஞ்ச். நாற்பத்துநான்கு வயது. இருபது வருடம் மேடையில் ஆடி, இடுப்பில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போது பிறரை ஆட வைப்பவர்.

பதினோரு நிமிட இசை ஒன்றை எழுதி, கணினியில் செல்லோ என்ற பெரிய வயலினின் ஒலியில் வாசிக்கவிட்டு, ஒத்திகைக்காகப் பதிவு செய்தேன். பதிவாகும்போது கணினி கொஞ்சம் திணறியது. வகுப்பு தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. முதல் ஒரு நிமிடம் கேட்டேன். சரியாக இருந்தது. அனுப்பிவிட்டேன். முழுதும் கேட்காமல் எதையும் அனுப்பாதவள் நான். அன்று மட்டும் அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய் ஒத்திகைக்குப் போனேன். பழைய தையல் ஆலையின் மூன்றாம் மாடியில் இருந்தது ஒத்திகைக்கூடம். பனிச்சேறு வடியும் காலணிகளை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு சுவரோரம் உட்கார்ந்தேன். ஆடுபவர் வில்னேர். ஹைட்டிக்காரக் குடும்பம், நல்ல உயரம், சிரிக்காமல் கிண்டல் செய்வார்.

"வாங்க, வாங்க. என் முழங்காலுக்கு எமன் இவங்கதானா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சோலாஞ்ச் பதிவை ஓடவிட்டார். இரண்டு நிமிடம் வரை என் இசை. பதினான்காவது நொடியில், கீழிறங்கவேண்டிய ஒரு இசைத்தொடர் மூன்றரைத் தாளத்தில் அறுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அறுந்தது. கணினி விக்கியிருந்தது. நான் அதை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன்.

வில்னேர் அறையின் மூலையில் நின்றார். ஒரு கை சுவரில் இல்லாத கதவுப்பிடியைத் தேடி நீண்டது. தொடுவதற்குள் முழங்கால் மடங்கியது, கை திரும்பி மார்புக்கு வந்தது. மறுபடி நீண்டது. வாய்க்குள் அவர் எண்ணுவது எனக்குக் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, அட. ஒண்ணு, ரெண்டு, மூணு, அட." அந்த அரைத் தாளத்துக்குப் பெயரில்லாததால் அவராக 'அட' என்று வைத்துக்கொண்டிருக்கிறார். மொத்தம் பத்தொன்பது முறை. பதினைந்தாவதில், இவரை யாராவது அங்கிருந்து வெளியே கொண்டுவாருங்கள் என்று கத்தத் தோன்றியது.

பிறகு விக்கல் விட்டு என் இசை தொடர்ந்தது. கேட்கவே கூச்சமாக இருந்தது.

"இத எப்படிடி கண்டுபிடிச்ச? ரெண்டு வருஷமா என் தலைக்குள்ள இருந்த எடம் அது. யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார் சோலாஞ்ச்.

அந்த இடத்தில் ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் தலையாட்டினேன்.

குறிப்பேட்டில் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதியது: உண்மையைச் சொல்ல மூன்று காரணங்கள், சொல்லாமலிருக்க நான்கு. நான்கில் மூன்று ஒரே காரணம்தான், வேறு வேறு சொற்களில். பயம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் என் இசை வெட்டுப்பட்டது. முதலில் தொடக்கம் போனது. "இது யாருக்கு? கதவத் தொறந்து வணக்கம் சொல்ற மாதிரி இருக்கு. நேரா மூலைக்குப் போவோம்" என்றார் சோலாஞ்ச். பிறகு நடுப்பகுதி போனது. "அழகா இருக்கு. அதான் வேணாம்." பதினோரு நிமிடம் எட்டானது, ஐந்தானது, நான்கானது. ஒவ்வொரு முறையும் வெட்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து வேறு மாதிரி எழுதி எடுத்துப் போவேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த எடம் மாதிரி இல்ல" என்பார். கணினி செய்த விக்கலோடு நான் போட்டி போட்டு, ஒவ்வொரு செவ்வாயும் தோற்றேன்.

கடைசியில் மிஞ்சியது விக்கலும் அதற்குப் பின்னால் எட்டு அடிகளும். வில்னேர் மூலையைவிட்டு நடந்து வெளியேறுவதற்கான இசை அந்த எட்டும். நான் சொந்தமாக எழுதியதில் உயிரோடு இருந்தது அவ்வளவுதான். அவற்றை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் செல்லோ வாசிக்க ஹாகோப் வந்தார். ஆர்மீனியர், ஐம்பதைத் தாண்டியவர், பெட்டியைத் திறக்கும் முன் ஒரு ஆரஞ்சை உரித்து எல்லோருக்கும் சுளை கொடுப்பவர். மூன்றரைத் தாளத்தை ஏழு அரைத் தாளமாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் ஏழு எண்ணி வாசித்தார். வில்னேர் 'மூணு, அட' எண்ணி ஆடினார். ஐந்தாவது முறையிலேயே இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

"பாப்பா, நீ எழுதினது ஏழு. நான் வாசிக்கிறது ஏழு. அந்தத் தம்பி ஏதோ சந்தைல காய் எண்ற மாதிரி எண்ணுது" என்றார் ஹாகோப்.

"நான் சரியா எண்றேன் பெரியவரே. உங்க கை மூச்சு விடுது. பதிவுல மூச்சே கிடையாது. அது விடாது, அதனாலதான் என்னையும் விடாது."

"மனுசன் வாசிச்சா மூச்சு வரும்பா. செத்தவனக் கூட்டிட்டு வா, மூச்சில்லாம வாசிப்பான்."

நான்கு முறை முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் நடனம் செத்துப்போனது. எல்லோருக்கும் தெரிந்தது. சோலாஞ்ச் தரையில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரியான், இத நீதான எழுதின? உன் மனசுல எப்படிக் கேட்டுச்சுன்னு இவருக்குப் பாடிக் காட்டு."

வாயைத் திறந்தேன். பாட எதுவும் இல்லை. என் மனதில் அது ஒருநாளும் கேட்டதில்லை.

"நான் எழுதல. கம்ப்யூட்டர் சிக்கிக்கிச்சு. நான் முழுசா கேக்காம அனுப்பிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

ஹாகோப் ஆரஞ்சுத் தோலை மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார் சோலாஞ்ச்.

"என்ன தெரியும்?"

"இருபது வருஷம் அரைகுறைப் பதிவுக்கு ஆடினவ நான். மெஷின் விக்கினா எனக்குத் தெரியாதா? மொத தடவ கேட்டப்பவே தெரியும்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிச்சன்னு ஏன் கேட்டீங்க?"

"நீ சொல்லுவியான்னு பாத்தேன். சொல்லல. அப்புறம் வேல ஓட ஆரம்பிச்சுது, மறந்துட்டேன்."

மூன்று வாரம் நான் தூங்காததை இவர் மறந்திருக்கிறார். கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன தகுதி என்றும் தோன்றியது.

"அப்ப இத எடுத்துடலாம். நான் புதுசா எழுதறேன். இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்றேன்.

"எங்கேருந்து எடுப்ப? அது உன் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு நெனச்சிட்டிருக்கியா? வில்னேர் முழங்கால்ல இருக்கு. போ, எடு பாப்போம்."

"எடுத்தா நல்லாத்தான் இருக்கும். வலிக்குது" என்றார் வில்னேர்.

ஒப்புக்கொண்டால் வெளியே வந்துவிடலாம் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒப்புக்கொண்டேன். அதே அறை, அதே மூன்று பேர், அதே பத்தொன்பது முறை. ஒரு வித்தியாசம்தான். இனி அதை ஆள் வாசிக்கும்படி நானே எழுத வேண்டும்.

ஒத்திகையின் காணொளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பட்டாணி சூப்பைச் சூடாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் தனித்தனியாகப் பார்த்தேன். பதிவில் பத்தொன்பதும் ஒன்றுபோல இருந்தன. வில்னேர் உடம்பில் அப்படி இல்லை. மூன்றாவதில் தோள் முந்தியது. எட்டாவதில் விரல்கள் விரியவில்லை. பன்னிரண்டாவதில் முழங்கால் நிமிர நேரமெடுத்தது. அதைச் சரிக்கட்டப் பதின்மூன்றாவதில் அவசரப்பட்டார். பத்தொன்பது வரி போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று எழுதினேன். பிறகு ஒவ்வொரு வரிக்கும் செல்லோ சுரங்களை எழுதினேன். சுரங்கள் அதேதான். வில் எங்கே அழுத்த வேண்டும், எங்கே நழுவ வேண்டும் என்பது மட்டும் வரிக்கு வரி மாறியது. தாளக்குறி போடவில்லை. வரியின் முடிவில் 'அட' என்று எழுதினேன். இசைத்தாளில் அப்படி எழுதுவது அபத்தம் என்று பட்டது. இரண்டு முறை அழித்தேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை, இசையைப் பூட்டும் நாள். ஹாகோப் தாளைப் பார்த்தார்.

"என்ன பாப்பா இது, வைத்தியர் சீட்டா?"

"எண்ணாதீங்க. அவர் முழங்காலப் பாத்துக்கிட்டே வாசிங்க. அது மடங்கறப்ப நீங்க அறுக்கணும்."

"வயசான காலத்துல இன்னொருத்தன் முழங்கால வேற பாத்துக்கணுமா? என்னோடதையே பாக்க ஆளில்ல."

ஆனால் பார்த்தார். இந்த முறை வில்னேர் எண்ணவில்லை. ஒன்பதாவதில் ஹாகோப்பின் மூச்சு கேட்டது, வில்னேரின் மூச்சும் கேட்டது. பன்னிரண்டாவதில் வில் நின்று காத்திருந்தது. பதிவில் ஒரு மனிதர் இயந்திரத்தில் மாட்டியிருந்தார். இப்போது இரண்டு மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் மாட்டியிருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

பிறகு என் எட்டு அடிகள் வந்தன. வில்னேர் மூலையைவிட்டு அழகாக நடந்து வெளியே போனார்.

சோலாஞ்ச் என்னையே பார்த்தார். வெட்டு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வில்னேர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு சந்தேகம். பத்தொன்பது தடவ தொறக்காத கதவு இப்ப ஏன் தொறக்குது?"

பதில் தெரியாது. தெரிந்து நான் அதை எழுதவில்லை. இசை ஒரு இடத்தில் முடிய வேண்டுமே என்று எழுதினேன். மணி நான்கு ஐம்பது. ஐந்துக்குத் தாள்களைக் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும். பென்சிலை எடுத்து அந்த எட்டு அடிகளையும் நானே குறுக்கே கோடு போட்டு நீக்கினேன்.

"நெஜமாவா?" என்றார் சோலாஞ்ச்.

"கேக்காதீங்க, மனசு மாறிடும்."

அந்த எட்டு அடி போயும், நின்று காத்த இடங்களோடு மேடையில் நான்கு நிமிடம் ஓடியது. பத்தொன்பதாவதில் கை நீண்டபடியிருக்க விளக்கு அணைந்தது. கைதட்டல் தாமதமாக வந்தது. எத்தனை நொடி என்று எண்ண மறந்துவிட்டேன்.

விண்ணப்பத்துக்கு இரண்டு பதிவுகள் கையில் இருந்தன: அந்த நான்கு நிமிடம், அல்லது நான் முதலில் எழுதிய பதினோரு நிமிடத்தின் விக்கல் நீக்கிய பிரதி. அதைக் கல்லூரி ஆண்டுவிழாவில் ஒரு மாணவர் வாசித்திருந்தார், அதனால் விதிப்படி அதுவும் செல்லும். சுத்தமானது, முழுக்க என்னுடையது. இரண்டையும் மூன்று முறை கேட்டேன். நான்கு நிமிடத்தை அனுப்பினேன். 'மூலக்கரு' என்ற கட்டத்தில், கணினியின் கோளாறு என்று எழுதினேன்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"அப்ப இத நீங்க எழுதல."

"பத்தொன்பது தடவ எழுதினேன்" என்றேன். இசைத்தாளை எடுத்து நீட்டினேன்.

இடப்பக்கத்தில் இருந்த அம்மையார் அதை நெடுநேரம் பார்த்தார். "பன்னெண்டாவதுல ஏன் நிக்குது?"

"அங்க அவருக்கு முழங்கால் வலிச்சுது. காத்திருந்தோம்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நடுவில் இருந்தவர் எதுவும் குறிக்கவில்லை.

மே மாதம் கடிதம் வந்தது. இடம் ஆறு பேருக்கு. நான் காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது. செப்டம்பர் ஐந்து வரை பட்டியல் செல்லும். பழைய பட்டியல்களைத் தேடி எடுத்துக் கணக்குப் பார்த்தேன். கடந்த நான்கு ஆண்டுகளில் இடம் கிடைத்தும் சேராமல் விலகியவர்கள்: ஒருவர், யாருமில்லை, இருவர், ஒருவர். மூன்று பேர் விலகிய ஆண்டு இல்லை. அந்தப் பதினோரு நிமிடத்தை அனுப்பியிருந்தால் என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். முடிக்கவில்லை.

சோலாஞ்ச் அந்த நடனத்தை அக்டோபரில் வேறொரு அரங்கில் மறுபடி போடுகிறார். நேற்று ஒத்திகையில் ஹாகோப்பிடம் கடிதத்தைக் காட்டினேன். ஆரஞ்சை உரித்தபடியே படித்தார்.

"அப்ப மூணு பேரு கால ஒடச்சுக்கணும். அவ்வளவுதான? பேரச் சொல்லு பாப்பா, நான் பாத்துக்கறேன்."

வில்னேர் மூலையில் முழங்காலுக்குப் பட்டை கட்டியபடி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறு பேரின் பெயரும் கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்தது. வரிசையாக எனக்கு மனப்பாடம். சொல்லவில்லை.