அப்பாவின் காது

ஊருக்கெல்லாம் நான் உறவு. காலையில் விவசாய நிகழ்ச்சியில் உரத்தைப் பற்றி அண்ணனிடம் சந்தேகம் கேட்கும் தங்கச்சி. மத்தியானம் மாதர் நேரத்தில் அக்கா. சாயங்காலம் சிறுவர் நேரத்தில் கதை சொல்லும் அத்தை. நடுநடுவே மணி சொல்வதும் இசைத்தட்டுப் பெயர் வாசிப்பதும் நான்தான். சின்ன வானொலி நிலையம், வேறு அறிவிப்பாளர் கிடையாது.

என் முதல் சம்பளத்தில் அப்பா ஒரு ரேடியோ வாங்கினார். மகள் குரலைக் கேட்க ஆசை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். மாட்டுக்குக் கயிறு, எனக்கு ரேடியோ. காலையில் என்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து அதன் முன்னால் உட்காருவார். சிறுவர் நேரத்தை மட்டும் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை ரேடியோவில் கேட்டு, முடிந்ததும் குடையோடு வாசலில் நிற்பார். போகும் வழியில் விசாரணை.

"பதினோரு மணிப் பாட்டுக்கு முன்னாடி சிரிச்சியே, ரூம்ல யாரு?"

"யாருமில்லப்பா. இசைத்தட்டு கை நழுவிடுச்சு."

"நழுவினா சிரிப்பு வருமா?"

அம்மா ஏழு வருஷத்துக்கு முன்பே வீட்டை விட்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். அவள் காலத்தில் ரேடியோ கிடையாது, எல்லாம் நேரடிக் கண்காணிப்பு. "அவளப் போய்ப் பாத்தேன்னு தெரிஞ்சா, அன்னையோட உன் வேலைக்கு முழுக்கு," என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்வார்.

முந்தாநாள் மாமா நிலையத்துக்குப் போன் செய்தார். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மூன்று நாள் கழித்துக் காலையில் ஆபரேஷன். "டாக்டரே பிடி கொடுத்துப் பேச மாட்டேங்கறாரு. உன்னப் பாக்கணும்ங்கறா," என்றார். ஆஸ்பத்திரி எங்கள் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். எனக்கு அது வேறு தேசம்.

வழி சொன்னது கண்ணாடி அண்ணன். ஸ்டுடியோவுக்கும் கன்ட்ரோல் அறைக்கும் நடுவே பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பேச்செல்லாம் கைஜாடையில். ஒரு விரல் காட்டினால் ஆரம்பி. கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் நிறுத்து. இரண்டு கையாலும் ரப்பரை இழுப்பதுபோல் காட்டினால், நேரம் இருக்கிறது, பேச்சை இழு.

"புதுசா டேப் மெஷின் வந்து சும்மாதானே கெடக்கு? மாதர் நேரத்த இன்னைக்கே பேசி வெச்சிடு. நாளைக்கு நான் ஓட விடறேன். உங்கப்பாவுக்கு நீ ரேடியோல இருப்ப, அம்மாவுக்கு நேர்ல இருப்ப."

நேற்று மத்தியானக் கச்சேரி ஓடும்போது பேசி முடித்தேன். துணியில் பேனா மைக்கறை போக்குவது எப்படி, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்வது, நேயர் கடிதங்கள், எல்லாம் கணீரென்று.

இன்று காலை கண் விழித்தபோது மூக்கு அடைத்திருந்தது. விவசாய நிகழ்ச்சியில் தங்கச்சி இரண்டு முறை தும்மினாள். "பயிருக்கு மருந்து சொல்லிட்டேன், உனக்கும் ஒண்ணு சொல்லணும் போலிருக்கே," என்று அண்ணனாக நடிப்பவர் ஊர் கேட்கச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். போகிற அவசரத்தில் எனக்கு மேற்கொண்டு எதுவும் உறைக்கவில்லை. மெஷினின் ஊசி ஒழுங்காக ஆடுகிறதா என்று பார்த்த கண்ணாடி அண்ணனும் என் மூக்கைப் பார்க்கவில்லை.

மாதர் நேரம் ஆரம்பித்ததும் பின்வாசல் வழியாக இறங்கினேன். தெருவில் கடைக்குக் கடை என் குரல். தையற்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு மைக்கறைக்கு வைத்தியம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு தெருவும் நான் யாருக்கும் எந்த உறவும் இல்லாமல் நடந்தேன். சந்தோஷமாக இருந்தது.

வார்டில் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். நர்ஸ் மேஜைமேல் ஒரு ரேடியோ, அதிலும் நான். அம்மா கையைத் தொட்டேன். கண் திறந்து என்னைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீ அங்க இல்ல பேசிட்டிருக்க?"

"அது நேத்துப் பேசினதும்மா."

இரண்டு பேரும் அழுதோம். அவள் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"காலைல தும்மினியே, கேட்டேன். பாவம், ஜலதோஷம்னு நெனச்சேன். மத்தியானம் குரல் சுத்தமா வந்துச்சா, சரியாப் போச்சுன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். இருவரும் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தோம். காய்ச்சல் குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணி போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூக்கில் ஒரு சொட்டு அடைப்பு இல்லை.

"இந்நேரம் உங்கப்பா சட்டையப் போட்டுக் கெளம்பியிருப்பாரு," என்றாள் அம்மா. ஏழு வருஷம் ஆகியும் அவள் கை தானாகப் போய் முந்தானையைச் சரிசெய்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வரட்டும். நான் இங்கயே இருக்கேன்."

"பைத்தியமே, சிறுவர் நேரத்துக்கு யாரு இருக்கா? போ. இதுல சாயங்காலம் கேப்பேன். நாளைக்கும் காலைல உன் குரலக் கேட்டுட்டுத்தான் உள்ள போவேன்."

நாளை என் குரல் இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஓடி வந்து மத்தியான அறிவிப்புகளை முடித்து, சாயங்காலம் சிறுவர் நேரத்துக்கு ஸ்டுடியோக் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்வரை நிலைய இயக்குநரே வந்தாலும் கதவைத் திறக்கக்கூடாது. நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையில் குடையோடு அப்பா. வாய் அசைந்தது, விரல் என்னைக் குத்திக் காட்டியது. சத்தம் ஒரு துளி வரவில்லை. இந்த அறையை விட்டால் எனக்கு அந்த வீடுதான், இன்றைக்கப்புறம் இந்த அறையும் இல்லை.

கண்ணாடி அண்ணன் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு விரல் காட்டினார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து, மெதுவாக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாக இழுத்தார்.

இரண்டு தெரு தள்ளி அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"குழந்தைகளே, அத்தை இன்னைக்குச் சொல்லப்போற கதை கொஞ்சம் நீளம்."