கறுப்பு எலியும் காலை நேரமும்

மூன்று வருட உழைப்பை ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் யாரோ ஒருவர். "வெள்ளை எலிகளின் செல்களை எப்போதும் காலையிலும், கறுப்பு எலிகளின் செல்களை மதியத்திலும் அளந்திருக்கிறீர்கள். வித்தியாசம் இனத்தால் வந்ததா, நேரத்தால் வந்ததா?"

கட்டுரை திரும்பி வந்த அன்று ஆராய்ச்சிக்காரிக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கேள்வி நியாயமானது, அதுதான் வயிற்றெரிச்சல். எலிகளைப் பிடித்து, வலியை உணரும் நரம்புச் செல்களைப் பிரித்துத் தட்டில் தருகிற டெக்னீஷியன் அண்ணன் கையைப் பிசைந்தார். "கறுப்புங்களைக் காலைல தொட்டா கடிச்சு வெச்சிடும்மா. மத்தியானம்னா கொஞ்சம் சாது. அதான் வெள்ளையை முதல்ல எடுத்துட்டேன்."

பன்னிரண்டு நாள் மறுபடி அளந்தாள். காலையில் ஒரு தட்டு, மதியம் ஒரு தட்டு. எந்த இனம் எப்போது என்று அண்ணன் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார். தட்டில் எண் மட்டும் இருக்கும், எந்த எண் எந்த இனம் என்ற பட்டியல் அவர் சட்டைப்பையில். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் செல்லைத் தொட்டு, துளி மின்சாரம் கொடுத்துத் திரையைப் பார்ப்பாள். கட்டுரையில் சொன்னபடியே, ஒரு துடிப்போடு அடங்கினால் வெள்ளை, சரமாரியாகத் துடித்தால் கறுப்பு என்று எழுதிவைப்பாள்.

அத்தனை நாளும் அண்ணன் கையுறையைக் கழற்றவே இல்லை. "டீ குடிக்கவும் கையுறையா அண்ணா?" என்றாள். அவர் சிரித்து மழுப்பினார்.

கடைசித் தட்டும் முடிந்ததும் பட்டியலை விரித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று பொருந்தின. ஏழாவது தப்பு. எட்டு சரி, ஒன்பது சரி. இருபதைத் தாண்டியபோது அவள் நாற்காலியில் உட்காரவில்லை, குதித்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்து நாலுக்கு இருபத்து மூணு. காலைல வந்தாலும் கறுப்பு கறுப்புதான் அண்ணா. நேரம் இல்ல, இனம்தான்."

"அப்பாடா, இனிமே கழட்டலாம்" என்று அவர் கையுறையை உருவினார். நாலு விரலில் கட்டு.

"காலைல கடி வாங்கி, புதுசா ஒரு கட்டோட வந்து நின்னா, தட்டுல கறுப்புன்னு உனக்குத் தெரிஞ்சுபோயிருக்குமேம்மா."

அவள் கணினிப் பக்கம் திரும்பி, கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் தன் பெயருக்கு அடுத்ததாக அவர் பெயரைத் தட்டச்சு செய்தாள்.