கோரினின் இருக்கையில் ஒரு நாள்

எங்கள் மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தேர்தலில் கோரின் டகெட் ஜெயித்தபோது, அவளிடம் தோற்றவர் எங்கள் மாவட்ட நீதிபதி ஆர்வின் ஓஸ்ட்பி. முன்பு அவருடைய கோர்ட்டில்தான் அவள் அரசு வக்கீலாக முதன்முதலில் எழுந்து நின்றாள். அவள் மனுக்களைத் திருத்திக் கொடுத்தவரும் அவர்தான்.

பிரசாரத்தில் அவர் போன இடமெல்லாம் சட்டம் பேசினார். அவளோ சந்தைத் திடலில் ஆப்பிள் பை சுடும் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து, பதினொன்றையும் ருசி பார்த்து, கடைசி இடம் பிடித்தவளிடம்கூட, "மாவை எப்படிப் பிசைஞ்சே?" என்று கேட்டாள். நீங்களாக இருந்தால் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?

அன்றிலிருந்து அவள் எழுதிய ஒவ்வொரு தீர்ப்பையும் அவர் பென்சிலோடு படித்தார். தப்பு அகப்பட்டால்தான் காலைச் சாப்பாடு இறங்கும். தட்டு அப்படியே இருந்தால் மனைவி லுவெல்லா கேட்பாள்: "பாவம், இன்னைக்கும் நல்லாத்தான் எழுதியிருக்காளா?"

ஆறாவது வருஷம் மாநிலத் தலைநகர் ஹெலெனாவிலிருந்து அழைப்பு வந்தது. கோரினின் அண்ணன் வெஸ்ஸின் வழக்கு. சொந்த அண்ணன் என்பதால் அவள் விலகிக்கொண்டாள். அப்படிக் காலியாகும் இடத்தில் மாவட்ட நீதிபதி ஒருவரை உட்கார வைப்பது வழக்கம்; அன்றைக்கு மட்டும் அவள் இடத்தில் ஆர்வின் உட்கார வேண்டும்.

எங்கள் பக்கத்து ஓடைகளில் முதலில் வாய்க்கால் வெட்டியவருக்கே முதல் தண்ணீர். பக்கத்துப் பண்ணை ஹாகன் குடும்பம் வெஸ்ஸின் தாத்தாவுக்கு முன்பே வெட்டியது. அவர்கள் பல வருஷம் தண்ணீர் எடுக்கவில்லை, உரிமை போய்விட்டது என்று சொல்லி, வறட்சியில் வெஸ் அவர்கள் மதகை அடைத்துவிட்டான்.

"எதிரா போட்டா பொறாமைம்பாங்க. ஆதரவா போட்டா அடுத்த தேர்தலுக்கு அடிபோடுறான்ம்பாங்க," என்றாள் லுவெல்லா.

"நான் சட்டத்தைப் பாத்துப் போடுவேன்."

"எனக்குத் தெரியும் ஆர்வின். உனக்குத் தெரியுமா?"

அது அவரைக் குத்தியது. வெஸ்ஸுக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்று வழக்குக் காகிதங்களை மூன்று தடவை புரட்டினார். கிடைத்தால் பெருந்தன்மை காட்டிவிடலாம். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையே என்று தனக்குள் துள்ளிய சந்தோஷத்தைப் பார்த்துத்தான் அவர் பயந்தார்.

விசாரணை முடிந்து ஏழு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்றுக்கு மூன்று.

"உன் ஓட்டுத்தான் பாக்கி ஆர்வின்," என்றார் தலைமை நீதிபதி ஹோல்ட்ரிஜ். "எந்தப் பக்கம் போனாலும் தீர்ப்பை நீயே எழுதிடு."

அவர் பெயரில் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு! வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

"வெஸ்ஸுக்கு எதிராத்தான் போடுறேன். ஆனா வேற யாராவது எழுதட்டும்."

"ஏன்யா? இந்தச் சான்ஸ் திரும்ப வருமா?"

"நான் எழுதினா வேண்டியதுக்கு மேல ரெண்டு வரி எழுதிடுவேன். அந்த ரெண்டு வரியும் இப்பவே மனசுல தயாரா இருக்கு."

ஹோல்ட்ரிஜ் வழக்குக் காகிதங்களை அடுத்தவர் பக்கம் தள்ளினார்.

தீர்ப்பு வெளியான அன்று கோரின் போன் செய்தாள்.

"படிச்சேன் சார். எங்க அண்ணன் தோக்க வேண்டியவன்தான். ஆனா என்ன இழுவை! நீங்க எழுதியிருந்தா நாலு பக்கத்துல முடிச்சிருப்பீங்க."

"மூணு," என்றார் ஆர்வின். போனை வைத்தார்.

"என்ன சொல்றா?" என்றாள் லுவெல்லா.

"பெரிய மனசோட பேசுறா," என்றார் அவர் எரிச்சலாக. "அதையும் என்னைவிட நல்லா செய்யுறா."