கடைசிப் பக்கத்தின் கடைசி வரி

"எத்தனை?"

"பதினொண்ணு."

"நான் ஒம்பதுன்னுல்லா நெனச்சேன்."

"ரெண்டு எடத்துல ஒற்று விட்டுப்போயிருக்கு. அதை நீங்க பிழையில சேக்கலபோல."

பெண் பார்க்க வந்த அன்று, 1971-இல், நடந்த பேச்சு இது. பாடச் சொல்வார்கள் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்த சித்ரலேகாவிடம், மாப்பிள்ளை சிவசைலம் தான் நடத்தும் 'அந்திப் பொருநை' பத்திரிகையையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் நீட்டிப் பிழை பார்க்கச் சொன்னார். பொண்ணு பாக்க வந்தவன் பரீட்சை வைக்கானே என்று உள்ளே அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தமிழ் பி.ஏ. படித்திருந்த சித்ரலேகாவுக்கோ மனசு அப்போதே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

வயலை விற்றுப் பேப்பர் அடிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்த காலம் அது. டவுணுக்குள் சைக்கிளில் அவரே போட்டுவந்த நாலு பக்கப் பேப்பர், தொண்ணூறுகளில் மாலை பஸ் ஏறிப் பாபநாசம் வரை போனது. தெற்கு ரதவீதி அச்சகத்துக்குச் சித்ரலேகா தினமும் மதியம் வந்துவிடுவாள். ஒவ்வொரு வரியும் அவள் பென்சிலைத் தாண்டித்தான் போகவேண்டும். எழுத்துக்கோக்கும் அசன் முகம்மது, "மதினி பாத்துட்டாவளா?" என்று கேட்காமல் ஒரு பக்கத்தையும் மெஷினில் ஏற்றியதில்லை.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தின்போது, 'மணிமுத்தாறு அணை உடைந்தது' என்று தலைப்புக் கோத்தாகிவிட்டது. கண்ணால் பார்த்தது யார் என்று கேட்டாள் சித்ரலேகா. பாலத்தில் பேசிக்கொண்டார்கள் என்றார்கள்.

"அப்ப அது 'உடைந்தது' இல்ல, 'உடைந்ததாம்'. 'தாம்'னு முடியுத சேதிய நாம அச்சடிக்கக் கூடாது."

அசன் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, பொதுப்பணித்துறை அலுவலகத்தில் விசாரித்து வந்தார். அணைக்கு ஒன்றுமில்லை. அன்று மாலை அதுவே தலைப்பாக வந்தது. ஓடக் கிளம்பியிருந்த சனம் மூட்டையை இறக்கி வைத்தது. அந்திப் பொருநையில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று பஸ்ஸில்கூடச் சொல்லிக்கொண்டார்கள்.

ஊர் கூடி ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தியபோது மூன்றாவது வரிசையில் இருந்து அவள் கை வலிக்கத் தட்டினாள். திரும்பும்போது அல்வா வாங்கிக் கொடுத்து, இது உனக்குப் போர்த்தியிருக்க வேண்டியது என்றார் சிவசைலம். யாருக்குப் போர்த்தினால் என்ன என்று சிரித்தாள். ஆனால் அன்று அவள் நாக்கு நுனிவரை ஒன்று வந்து திரும்பிப் போனது. கடைசிப் பக்கத்தின் அடியில், 'ஆசிரியர், அச்சிட்டு வெளியிடுபவர்: எஸ். சிவசைலம்' என்ற வரியையும் தினமும் அவள்தான் திருத்துகிறாள். அதில் தன் பெயரும் ஒருநாள் வரவேண்டும் என்பதுதான் அது.

தொண்ணூற்றாறில் கம்ப்யூட்டரும் ஆப்செட் மெஷினும் வந்தன. அவற்றுக்காக அச்சகம் இடம் மாறியதால், பத்திரிகையை யார் நடத்துகிறார்கள் என்று அரசாங்கத்துக்குப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எல்லாவற்றையும் தானே இழுக்க முடியவில்லை, வெளியீட்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார் சிவசைலம். ஆசிரியராக மதுரையிலிருந்து பாக்கியசீலன் என்ற அனுபவசாலியைப் பேசி வைத்திருந்தார். வரச்சொல்லிக் கடிதம் போடவேண்டியதுதான் பாக்கி.

முதல் மாதிரித்தாள் வந்தது. கறுப்பு எழுத்தெல்லாம் கண்ணாடிபோல் மின்னின. சிவசைலம் மட்டுமல்ல, அசனும் பெருமை தாங்காமல் அவள் முகத்தையே பார்த்து நின்றார். சித்ரலேகா நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

வழக்கம்போலச் சிவசைலம் கேட்டார். "எத்தனை?"

"ஒண்ணு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை தேடினார். "எனக்குத் தெரியலயே, சித்ரா."

'ஆசிரியர்: பாக்கியசீலன்' என்ற இடத்தில் அவள் சிவப்புப் பென்சிலால் சுழித்தாள்.

"ஆசிரியர்ங்கற எடத்துல என் பேரைப் போடுங்க."