எட்டுக் கைக்காரியின் கொழுந்து

‘நீல வளையம்’ என்ற விண்வெளிக் கார்ட்டூனைப் பார்க்காதவர்களிடம் புவனேந்திரன் பேசிப் பிரயோசனமில்லை. பார்த்தவர்களிடம் பேச ஆரம்பித்தால் அவனை நிறுத்தவும் முடியாது. தளபதியின் தலைக்கவசத்தில் உள்ள கீறல் ஒரு காட்சியில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம் என்று கண்டுபிடித்து, அதற்காக வாரக்கணக்கில் சண்டை பிடித்த ஆள் அவன். தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து வட்ஸ்அப்பில் ஒரு குழுவும் நடத்தினான். சென்னை, யாழ்ப்பாணம், கனடா என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஒக்சிசன் தீர்ந்துபோன கப்பலில் தளபதி மூச்சுவிடாமல் வசனம் பேசியதை வைத்தே ஒரு மாதம் சிரித்தார்கள். வேறு வேலை இல்லையா என்று கேட்டால், இல்லைதான்.

புவனேந்திரனுக்கு வேலை பதுளையில் ஒரு போன் கடையில், வீடு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஆனால் குழுவில் அவன் கொழும்பு வெள்ளவத்தைக்காரன். முன்பு வேறொரு குழுவில் தோட்டம் என்று உண்மையைச் சொல்லப்போய், அவன் எதை எழுதினாலும் “ஒரு டீ போடுங்க” என்று ஓட்டித் தள்ளிவிட்டார்கள். பட்டது போதும் என்று இங்கே கொழும்பைச் சொல்லி வைத்தான். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தான்.

குழுவில் மதுஷா என்ற பெண் வந்து சேர்ந்தாள். நமுனுகுல தோட்டம், அம்மா கொழுந்தெடுக்கிறார் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்தத் துணிச்சலைப் பார்த்து இவனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஒருநாள் காலையில் அவள் ஒரு படம் போட்டாள். தொடரில் வரும் எட்டுக் கைப் பெண்ணின் முதுகில் கொழுந்துக் கூடை. எதிரே இயந்திர மனிதன், கையில் தராசு. கீழே ஒரு வசனம்: “எட்டுக் கை இருந்தும் இவ்வளவுதானா? அரைப் பேர்தான் போடுவேன்! இப்படிக்கு, கங்காணி.”

கொழுந்து குறைந்த நாளில், வேலை வாங்கும் கங்காணி பாதிச் சம்பளம் எழுதுவதைத் தோட்டத்தில் அரைப் பேர் என்பார்கள். புவனேந்திரனின் அம்மா அதைச் சொல்லித் திட்டாத மாதமே இல்லை. பஸ்ஸில் இருந்தபடி அவன் வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் யாருடைய சிரிப்பையோ இரவல் வாங்கிச் சிரித்தது போலவும், இதுதான் தன் சொந்தச் சிரிப்பு போலவும் இருந்தது.

குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“பேரை எப்படிங்க பாதியா போடுறது?” என்றார் சென்னைக்காரர்.

“கங்காணி யார், புது வில்லனோ?” என்றார் கனடாக்காரர். பிறகு இவனையே கேட்டார்: “அட்மின், நீங்களும் இலங்கைதானே, விளக்குங்கோ.”

விளக்கினால், வெள்ளவத்தைக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். எழுதினான்: “எனக்கும் புரியல. எல்லாருக்கும் விளங்குற மாதிரி போடுங்க தங்கச்சி.”

“சரிங்கண்ணே, மன்னிச்சிருங்க” என்று வந்தது. படம் அழிந்தது. அதன் பிறகு மதுஷா எதுவும் போடவில்லை. சில வாரங்களில் குழுவை விட்டே போய்விட்டாள்.

பாவி! சிரிக்கிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டிருந்தால் முடிந்த காரியம். ஊர் பேரைக்கூடச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. குழுவில் தலைக்கவசம், ஒக்சிசன் என்று பழைய கூத்து தொடர்ந்தது. இவனுக்கு எல்லாம் சப்பென்று இருந்தது. பஸ்ஸில் வந்த அந்தச் சிரிப்பு மறுபடி வரவேயில்லை. அதைத் தரக்கூடியவளைத் தானே விரட்டிவிட்டோம் என்பது நெஞ்சை அறுத்தது.

கடைசியில் அவளுக்குத் தனியாக எழுதினான்: “தங்கச்சி, நான் வெள்ளவத்தை இல்ல, ஸ்பிரிங்வெளி. எங்கம்மாவும் கொழுந்துதான் எடுக்கிறாங்க. ஒங்க படத்தப் பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். பயத்துல புரியலன்னுட்டேன். திரும்ப வாங்க.”

மறுநாள் பதில் வந்தது.

“பரவால்லண்ணே. அந்தப் படத்த மொதல்ல அம்மாகிட்டதான் காட்டினேன். அப்படிச் சிரிச்சாங்க. குரூப்ல போடு, எல்லாரும் சிரிப்பாங்கன்னாங்க. அன்னைக்கி மலையிலருந்து வந்ததும் கூடையக்கூட எறக்காம கேட்டாங்க, சிரிச்சாங்களான்னு. கீழ பாத்துக்கிட்டே ஆமாம்மான்னு பொய் சொல்லிட்டேன்.”

“பொய் இல்ல, நான் சிரிச்சேனே!” என்று அவசரமாக எழுதினான் புவனேந்திரன்.

“எனக்கு அது தெரியாதேண்ணே. தெரிஞ்சிருந்தா அம்மா மொகத்தப் பாத்தே சொல்லியிருப்பேன்.”