ரோஸி சந்தேகப்படாத காகிதம்

தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த அந்தக் கண்ணாடிக் கடையின் வாசலில் ரோஸி ஐந்து நிமிடம் நின்று, வெளியே ஒட்டியிருந்த ஒவ்வொரு வரியையும் படித்தாள். 'கண் பரிசோதனை முற்றிலும் இலவசம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இலவசம் என்ற சொல்லைப் பார்த்தாலே அவளுக்கு மனசில் ஏதோ உறுத்தும். சும்மா கண்ணைப் பார்த்து அனுப்புவதற்கா இவ்வளவு பெரிய கடை, இவ்வளவு விளக்கு, இவ்வளவு ஏசி?

ரோஸிக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு இரும்புலியூரில். பதினொரு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். செம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் அவள் பொறுப்பு. புருஷன் இறந்த பிறகு, ஆண்களுக்கு நடுவே தனியாக இந்தத் தொழிலுக்கு வந்தவள். நாலு இடத்தில் ஏமாந்த பிறகு, இனி ஒருத்தரும் தன்னை ஏமாற்றக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டாள். டீசல் போடும்போது கீழே இறங்கி நின்று, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் போடச் சொல்வாள். மெக்கானிக் ஒரு பாகத்தை மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நகர்வாள். கேஸ் சிலிண்டர் வந்தால் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் கண்ணாடிக் கடைக்கு வந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடத்துக் கடிதம். வேன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கண் பரிசோதனை செய்து, பத்து நாளில் சான்றிதழ் தர வேண்டும், இந்தக் கடையில் இலவசமாகவே செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். அதிலேயே ரோஸிக்குச் சந்தேகம். தலைமையாசிரியருக்கும் கடைக்காரனுக்கும் ஏதாவது பேச்சு இருக்கும் என்று நினைத்தாள். எதிரே வரும் பேருந்தின் எண்ணை நூறு அடிக்கு அப்பாலிருந்தே படிக்கிறவளுக்குக் கண்ணில் என்ன கோளாறு இருக்கப்போகிறது?

உள்ளே நுழைந்ததுமே வினோத்குமார் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த விற்பனையாளன், உட்காரச் சொல்லித் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். காபி வேண்டுமா என்று கேட்டான். ரோஸி இரண்டையும் தொடவில்லை. தொட்டால் வாங்காமல் வெளியே வர முடியாது என்பது அவள் கணக்கு. அவன் பேச்சோடு பேச்சாக, நீல வெளிச்சத்தைத் தடுக்கும் புது லென்ஸ் வந்திருக்கிறது, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு ரொம்ப நல்லது என்றான். தான் வேன் ஓட்டுகிறவள் என்று ரோஸி சொன்னாள். அதற்கும் நல்லது என்றான் அவன். பார்த்தாயா என்று ரோஸி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பரிசோதனை அறையில் இருந்த பெண்ணின் பெயர் சின்மயி. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொன்னாள். உள்ளே நீளமான சாலையும் அதன் கோடியில் ஒரு பலூனும் தெரிந்தன. அடுத்த கருவி கண்ணுக்குள் புஸ்ஸென்று காற்றை அடித்தது. ரோஸி திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள். அந்தப் பெண் இடது கண்ணில் மட்டும் மூன்று தடவை காற்றை அடித்தாள். பிறகு வீட்டில் யாருக்காவது கண் தெரியாமல் போயிருக்கிறதா என்று கேட்டாள்.

அப்பாவுக்குப் போயிருந்தது. கடைசி ஆறு வருடம் அவர் சுவரைத் தடவித்தான் நடந்தார். வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆனால் இதை எதற்கு இவளிடம் சொல்ல வேண்டும்? ஜோசியக்காரன் வாயைக் கிளறித்தான் விஷயத்தைப் பிடிக்கிறான். ரோஸி யாருக்கும் ஒன்றும் இல்லை என்றாள்.

சின்மயி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு தன் மூக்கை மட்டுமே பார்க்கச் சொன்னாள். பக்கவாட்டில் தான் விரல்களைக் காட்டும்போது எத்தனை விரல் என்று சொன்னால் போதும் என்றாள். மேலே இரண்டு, கீழே ஒன்று என்று ரோஸி சொன்னாள். பிறகு அந்தப் பெண் சும்மாவே உட்கார்ந்திருந்தாள்.

"இப்போ எத்தனை விரல்மா?"

"நீ இன்னும் கைய நீட்டலியே."

"நீட்டியிருக்கேன். ரொம்ப நேரமா ஆட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

ரோஸி முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இடது பக்கம் அந்தப் பெண்ணின் கை நீண்டிருந்தது. நாலு விரல். நான் திரும்பின நேரத்தில் சட்டென்று நீட்டிவிட்டாள் என்றுதான் ரோஸிக்குத் தோன்றியது.

"இந்த வேலையெல்லாம் எங்கிட்ட காட்டாதம்மா. நான் ரோட்ல வண்டி ஓட்றவ."

சின்மயி கோபப்படவில்லை. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும், இடது கண்ணில் முப்பத்து நாலு காட்டுகிறது என்றாள். இது கண்ணின் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் நோயாக இருக்கலாம். வலிக்காது. நேராகப் பார்ப்பது நன்றாகவே தெரியும். ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது. கண் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரைக்கும் சான்றிதழில் தான் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லி, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

ரோஸி பொறி வைப்பதுபோல் கேட்டாள்: "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

"எங்கே வேணா போங்க. எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியிலே காசு வாங்க மாட்டாங்க. இந்த வாரமே போயிடுங்கம்மா. அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

கமிஷன் வரும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்த ரோஸிக்கு இது கொஞ்சம் இடித்தது. ஆனால் வெளியே வந்ததும் வினோத்குமார் ஒரு தட்டு நிறைய ஃபிரேம்களுடன் நின்றான். எப்படியும் கண்ணாடி போட வேண்டி வரும், ஃபிரேமை இப்போதே எடுத்து வைத்துவிடலாமே என்றான். ரோஸியின் மனம் உடனே சமாதானம் ஆகிவிட்டது. உள்ளே ஒருத்தி பயமுறுத்துகிறாள், வெளியே ஒருத்தன் விற்கிறான். கடிதத்தை நாலாக மடித்துப் பையின் அடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

பள்ளி வாசலில் மற்றொரு வேன் ஓட்டும் கதிரேசனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். முடிச்சூர் பக்கம் ஒரு சந்தில் ஒரு கிளினிக் இருக்கிறது, அங்கே போனால் இரண்டு நிமிட வேலை என்று வழி சொன்னான். ரோஸி அன்று சாயங்காலமே போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பெயரும் வயதும் கேட்டார், 'இரு கண்களிலும் பார்வை நன்றாக உள்ளது' என்று எழுதினார், முத்திரை குத்தினார். கேட்ட ரூபாயைக் கொடுத்து ரோஸி காகிதத்தை வாங்கிக்கொண்டாள். டீசல் பங்கில் இறங்கி நின்று மீட்டர் பார்க்கிறவளுக்கு, தன் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதிய அந்தக் காகிதத்தின் மேல் ஒரு துளிச் சந்தேகமும் வரவில்லை.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, நாலே கால் மணி. செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்துத் தெருவில் ரோஸி வேனை நிறுத்தினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் எழில் இறங்கினாள். அவள் வீடு இடது பக்கம், நாலடி தூரம். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ரோஸி நேரே பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினாள்.

உள்ளே இருந்த பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். ரோஸி பிரேக்கில் ஏறி மிதித்தாள். இறங்கி ஓடிச் சுற்றி வந்தபோது, எழில் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தாள். அவள் முதுகில் போட்டிருந்த புத்தகப் பையின் வார் கதவுக் கைப்பிடியில் மாட்டியிருந்தது. நாலைந்து அடி இழுபட்டிருக்கிறாள். இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

"சாப்பாட்டுப் பை உள்ளேயே இருக்குன்னு கை ஆட்டினேன் ஆன்ட்டி," என்று அழுகைக்கு நடுவே சொன்னாள் குழந்தை. "சைடு கண்ணாடிகிட்டவே நின்னு ஆட்டினேன். நீங்க பார்க்கவே இல்ல."

எழிலின் அம்மா ரேஷ்மா வீட்டிலிருந்து ஓடி வந்தாள். குழந்தையைத் தூக்கிப் பார்த்து, பெரிய அடி இல்லை என்று தெரிந்ததும், பயமெல்லாம் கோபமாக மாறிக் குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தாள். இறங்கினால் நேராக வீட்டுக்குள் வர வேண்டும், வண்டிக்குப் பக்கத்தில் போகாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று திட்டினாள். ரோஸியிடம், இவள் எப்பவும் இப்படித்தான் அக்கா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க என்றாள். எழில் விசும்பிக்கொண்டே, "ஸாரி ஆன்ட்டி" என்றாள்.

ரோஸி வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேனில் ஏறினாள்.

மிச்சமிருந்த பிள்ளைகளை நடை வேகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஏரிக்கரை ஓரம் வண்டியை நிறுத்தினாள். வெயில் இன்னும் இருந்தது. வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். எதிரே தெரிந்த மின்கம்பத்தையே பார்த்தபடி, இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் விரல்கள் எங்கிருந்தோ முளைத்தன. இடது கண்ணை மூடிப் பார்த்தாள். வலது கை நீட்டிய இடத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. மறுபடி வலது கண்ணை மூடி இடது கையை நீட்டினாள். மறுபடி கை காணாமல் போனது. அந்தக் கடைப் பெண் தந்திரம் செய்தாள் என்று சொல்லலாம். தன் கையையே எப்படிச் சந்தேகப்படுவது? ரோஸி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை வேன் வராது என்று எல்லாப் பெற்றோருக்கும் போனில் சொன்னாள். திங்கள் காலை முதல் மின்சார ரயிலில் எழும்பூர் போய், பையின் அடியில் கசங்கிக் கிடந்த கடிதத்தைக் காட்டினாள். இரண்டு நாள் சோதித்த பிறகு டாக்டர் சொன்னது, சின்மயி சொன்னதேதான். கண் அழுத்த நோய். இடது கண்ணில் ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. போனதைக் கொண்டுவர மருந்து இல்லை. சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். ரோஸி இந்தத் தடவை அப்பாவைப் பற்றி மறைக்காமல் சொன்னதும், அவருக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும், இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, அவளுடைய மகளையும் சோதிக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் ஏறும் வண்டியை இனி ஓட்டக் கூடாது என்றார். மூன்று வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்டார்.

அன்று சாயங்காலம் அவள் நேராக ரேஷ்மா வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. முட்டியில் பிளாஸ்திரியோடு வந்து நின்ற எழிலைப் பார்த்து, "ஒம் மேல தப்பு இல்ல கண்ணு. நீ ஸாரி சொல்லியிருக்கவே வேணாம்," என்றாள். பிறகு ரேஷ்மாவிடம் கண்ணாடிக் கடையிலிருந்து சந்து கிளினிக் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

கேட்கக் கேட்க ரேஷ்மாவின் முகம் சிவந்தது. "ஓட்டாதீங்கன்னு ஒருத்தங்க சொன்ன பிறகும் மூணு வாரம் என் பொண்ணை வெச்சு ஓட்டியிருக்கீங்க. நான் உங்களை நம்பி குழந்தையை அடிச்சேன் அக்கா."

"அட்ச்சது நீ இல்லம்மா. வாய மூடிக்கினு நின்னேன் பாரு, நான்தான் அட்ச்சேன்."

ரேஷ்மா எழிலைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு, இதைத் தன்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடக் கூடாது, சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றாள். ரோஸி ஒப்புக்கொண்டாள்.

அதற்குள் இன்னொரு காரியமும் செய்தாள். தன் நடை முடிந்ததும் அவள் வேனையும் ஓட்டித் தருகிறேன் என்று வந்த கதிரேசனை, சாவியைக் கொடுக்கும் முன்பே சின்மயியிடம் அழைத்துப் போனாள். அவனுக்குத் தூரப் பார்வை குறைந்திருந்தது. கண்ணாடி போட்ட பிறகுதான் சான்றிதழ் கிடைத்தது. மகள் ஜோசலினை எழும்பூருக்கு அனுப்பினாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. வருடா வருடம் வரச் சொல்லியிருந்தார்கள். ரோஸி இனி அதே வேனில் பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றி இறக்கும் ஆயாவாகப் போவது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை கூட்டத்தில் சில பெற்றோர் எழுந்து திட்டினார்கள். ரோஸி எல்லாவற்றையும் நின்று கேட்டாள். மற்ற வேன் ஓட்டுநர்கள் பின்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர், எதையும் எடை போட்டுப் பார்க்கிற நீயா இப்படிச் செய்தாய் என்று கேட்டபோது, அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பேசினாள்.

"நானும் அதத்தான் யோசிச்சேன் சார். நல்லது சொன்ன பொண்ண திருடின்னு நெனச்சேன். மூஞ்சியக் கூடப் பாக்காம எழுதிக் குட்த்தவன நல்லவன்னு நெனச்சேன். ஏன்னா அவன் எனக்கு வேண்டியத எழுதினான். சந்தேகப்படறது தப்பு இல்ல. கடைக்காரன் ஒண்ணு சொன்னா இன்னோரு டாக்டராண்ட போயி கேளு, அது ஒன் உரிமை. ஆனா சோதிச்சுப் பாக்காம ஒதுக்கித் தள்றதுக்குச் சந்தேகத்த சாக்கா சொல்லாத. நாப்பது வயசாச்சுன்னா வருஷத்துக்கு ஒரு தபா கண்ணக் காட்டு. வலிக்கிற வரைக்கும் காத்துக்கினு இருந்தா, இந்த நோய் வலிக்கவே வலிக்காது. பொய்க் காகிதம் வாங்கிப் பையில வெச்சுக்கினு கீறவங்க இன்னிக்கே கிழிச்சுப் போடுங்க. அந்தக் காகிதம் பள்ளிக்கூடத்த ஏமாத்தும், போலீச ஏமாத்தும். வண்டிப் பக்கத்துல நிக்கிற கொயந்தைய அது காப்பாத்தாது."