மச்சான் பிடித்த கயிறு

"அடுத்து எங்கன போறோம்னு சொல்லித் தொலையும் வே!" ஸ்டியரிங்கில் ஓங்கி அறைந்தான் மரியான்.

"சொன்னா மூஞ்சியில நடிப்பு வந்துரும். ஓட்டுலே," என்றான் பின் சீட்டிலிருந்த இனிகோ.

முன் சீட்டில் கேமராமேன் எஸ்றா, லென்ஸை மரியானின் கன்னத்துக்கு நேராகத் திருப்பியிருந்தான்.

காணாமல் போன மனைவியைக் காரில் தேடித் திரியும் ஒருவன். இனிகோ சொந்தக் காசில் எடுக்கும் படத்தின் கதை அவ்வளவுதான். ஹீரோ மரியான், தூத்துக்குடியில் சங்கு குளிப்பவன், இனிகோவின் தங்கை ஆக்னஸின் புருஷன். போன தவக்காலத்தில் ஆக்னஸ் காணாமல் போனாள். "கள்ளத்தோணி ஏறி கொழும்புக்கு ஓடிட்டா. ஊர் ஊராத் தேடிட்டேன்" என்று அழுதான் மரியான். ஊர் நம்பியது. இனிகோ நம்பவில்லை. அவனுக்கு வேண்டியது படம் அல்ல. தங்கை எங்கே என்ற பதில்.

நடிக்க மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். மரியான் வண்டி ஏறிவிட்டான்.

புன்னைக்காயலில் ஒரு ஷாட் முடிந்ததும் இனிகோ மரியானின் காதருகே வந்தான். "இங்கன தேடுனதாச் சொன்னியே. ஒருத்தனுக்கும் உன் மூஞ்சி தெரியலையே மாப்ள?"

"நான் என்ன எம்.எல்.ஏவா? ஓரமாப் போயும் வே!"

பெரியதாழைக்கு வந்தபோது உச்சி வெயில். கரையில் வள்ளம் தயாராக நின்றது. கடைசிக் காட்சி கடலில்: ஹீரோ குதிக்க வேண்டும்.

ஆழம் வந்ததும் வள்ளக்காரர் துடுப்பை நிறுத்தினார். மரியான் தன் இடுப்பில் கயிறு கட்டினான். மறுமுனையை இனிகோ எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

மரியானின் முகம் வெளுத்தது. "நீரு பிடிக்காண்டாம். வள்ளக்கார அண்ணாச்சி பிடிக்கட்டும்."

"ஏம்லே? குளிக்கிறவனுக்கு மச்சான்தானே கயிறு பிடிக்கணும்? காலங்காலமா அதானே வழக்கம்?"

வள்ளக்காரர் சிரித்தார். "பின்னே? கூடப்பொறந்தவ தாலிய எவன் அறுப்பான்? மச்சான் கையில கயிறு இருந்தா கண்ண மூடிட்டு எறங்கலாம்."

"கேட்டியா? குதிலே."

"மாட்டேன்."

"இத்தன வருசம் என் கையை நம்பித்தானலே எறங்குன? இன்னைக்கு மட்டும் என்ன?"

"அது அப்போ வே!"

"இப்போ என்ன? கொழும்புல ஆக்னஸ் சுகமாத்தானே இருக்கா? அவளத் தாலியறுக்க விடுவனா நான்? குதி!"

இனிகோ ஓர் அடி முன்னால் வைத்தான். பலகை ஆடியது. முதுகுக்குப் பின்னால் கடல். மரியான் பதறி இடுப்பு முடிச்சைப் பிய்த்தான்.

"என்ன முட்டாப்பயன்னா நினைச்சீரு? அவ உசுரோட இருந்தாத்தானவே நீரு கயித்த விடமாட்டீரு!"

எஸ்றாவின் கேமரா மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. வள்ளக்காரரின் சிரிப்பு உதட்டிலேயே செத்துவிட்டது.

தான் சொன்னது மரியானுக்கே அப்போதுதான் கேட்டது. "இல்ல மச்சான்... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"மச்சான்னு கூப்பிடாத," என்றான் இனிகோ. "எங்கலே போட்ட அவள?"

மரியானின் கண் வள்ளத்தில் கிடந்த குளிக்கல்லுக்குப் போய், சட்டென்று விலகியது. குளிப்பவனை அடியாழத்துக்கு இழுத்துப்போகும் கனத்த கல் அது.

இனிகோ அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டான். கயிற்றைக் கையிலிருந்து உருவி, மரியானின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கக் கட்டினான்.

"கட் சொல்லலையே அண்ணே?" எஸ்றா கேட்டான்.

"கரை வர்ற வரைக்கும் ஓடட்டும்."

வள்ளக்காரர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, துடுப்பைத் திருப்பிப் போட்டார்.